சத்தம் காட்டாதவர்

எங்கள் தெருவில் பகல் வேளையில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டே இருப்பார். ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு அது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது, தங்கள் கம்பெனி ஷூவை வாசற்படியில் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். ஷூ கவிழ்ந்திருந்தால் காலிங் பெல்லைத் தொடக் கூடாது என்று பொருள். யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியவில்லை. ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வெங்காயம் விற்க வரும் வேன்காரர்கூட, கவிழ்ந்த ஷூக்களைப் பார்த்தால் ரெக்கார்டை நிறுத்திவிட்டு, வெறும் கையைத் தட்டியபடி தெருவைக் கடப்பார்.

அப்படிப்பட்ட தெருவிலேயே, சத்தம் காட்டாதவர் என்று பெயர் எடுத்த ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டுக்கு மேல் போர்ஷனில் மனைவி, மகளோடு குடியிருந்தார். வாகன உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய எந்திரங்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. நான் அப்போது ஒரு நாளிதழுக்கு ஓசூர் நிருபர். செய்திக்காக ஒருமுறை அப்படி ஒரு ஷாப்புக்குள் போய்விட்டு வந்த பிறகு, எனக்கு இரண்டு நாள் தலைக்குள் எந்திரம் அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் எப்போதும் முதல் ஷிப்ட். விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். மொபெட்டை வீட்டு வாசலில் கிளப்ப மாட்டார். மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே போய், அங்கே கிளப்புவார். இரும்பு கேட்டின் தாழ்ப்பாளில் பழைய பனியன் துணியைச் சுற்றி வைத்திருந்தார். மாடிப்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்குவார். வாளியைத் தரையில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இருக்கும்.

"இந்த மாதிரி ஒரு குடித்தனக்காரர் கிடைக்க மாட்டாருங்க" என்று நான் ஒருநாள் வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மனத்தாங்கல் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்.

"சத்தம் இல்ல, சரி. ஒந்து மாத்துகூடப் பேசறதில்லயே சார். நான் படியில நின்னு கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்காம போறாரு. கொஞ்சம் மாட்லாடினா கொறஞ்சா போயிடுவாரு?"

தெருவில் அவரைப் பற்றி இரண்டு கருத்து இருந்தது. ஒன்று, தங்கமான மனிதர். இன்னொன்று, தலைக்கனம். இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றேதான்.

அவருடைய சொந்த ஊர் நாட்றாம்பாளையம் பக்கம், அஞ்செட்டி மலைக்காடுகளை ஒட்டியது. ராகி விளையும் பருவத்தில் யானை இறங்கும். தொழிற்பயிற்சி படிக்க ஓசூர் வந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டார். இவ்வளவும் அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் கலகலப்பானவர். கணவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சும் குறைந்தது. ஒருநாள் எங்கள் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு என் மனைவியிடம் சொன்னார்: "செவுத்துகிட்டப் பேசினாக்கூட நாலு நாளைக்கு ஒருதரம் பல்லியாவது கத்துதுக்கா. இவரு எதுக்கும் சரிங்கறாரு. சண்டை போட்டாலும் சரி. அழுதாலும் சரி. நானும் எவ்ளோதான் தனியா பேசறது?"

அதற்குச் சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் கெலமங்கலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனார். முதலில் திருவிழாவுக்கு என்றார்கள். பிறகு அங்கேயே துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். மகள் மட்டும் பள்ளிக்கூடத்துக்காக அப்பாவோடு தங்கினாள். மாதத்தில் ஓரிரு ஞாயிறுகளில் பஸ் ஏறி அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். காலையில் அப்பா கிளம்பிப் போன பிறகு, அவளே குளித்து, யூனிபார்ம் போட்டுக்கொண்டு, சீப்பும் ரிப்பனுமாக எங்கள் வீட்டுக்கு இறங்கி வருவாள். என் மனைவி சடை பின்னிவிடுவாள். மாலையில் மகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு அவர் வீட்டில் இருப்பார்.

அவர் பேசி நான் கேட்ட ஒரே வேடிக்கைப் பேச்சு என் மீசையைப் பற்றியது. அப்போது மேலுதடு தெரியாத அளவுக்கு வளர்த்திருந்தேன். "சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த மீசையைக் கொஞ்சம் வெட்டி உட்டா நல்லாருக்கும். வாய் இருக்குதா இல்லயான்னே தெரியல" என்றார். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார். நான் சிரித்துவிட்டு, அடுத்த முறை சலூனில் கத்தரிக்கச் சொன்னேன். அதன் பிறகு அவர் என்னோடு முன்பைவிட அதிகம் பேசினார்.

மின்சாரம் போனால் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும். இருட்டில் நின்று ஊர்க்கதை பேசுவோம். அவர் மட்டும் உள்ளே போய்விடுவார். எல்லாரும் முகக்கவசம் போட்டுத் திரிந்த காலத்தில் அவர் கடைக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். மகளைத்தான் அனுப்பினார். ரொம்பப் பயந்த சுபாவம் என்று அப்போது நினைத்தோம்.

நாலு பேர் கூடும் இடத்துக்குத் தனியாகப் போகவும் மாட்டார். வங்கிக்கு, ரேஷன் கார்டு திருத்துவதற்கு, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு துணை வேண்டும். "நீங்களும் வாங்க சார். நாலு வார்த்தை பேசறவங்க" என்பார். போன இடத்தில் எனக்கு அரையடி பின்னால் நிற்பார். வெளியே வந்ததும், "என்னா சார் முடிவு?" என்பார்.

அப்படித்தான் பேண்ட் விஷயத்துக்கும் என்னைக் கூப்பிட்டார்.

பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. பேண்ட் வாத்தியக் குழுவுக்குப் பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எந்த வாத்தியம் என்று முடிவு செய்யச் சனிக்கிழமை பெற்றோர் ஒருவர் வர வேண்டும். போனை என்னிடம் காட்டினார். அவள் பின்னால் நின்று ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயது. ஒல்லி. அப்பாவைப் போலவே சத்தமில்லாமல் குதித்தாள்.

பேண்ட் அறை என்பது சைக்கிள் ஷெட்டை ஒட்டிய ஒரு தகரக் கூரை அறை. மாஸ்டர் பகுதி நேரமாக மூன்று பள்ளிகளுக்குப் போகிறவர். வெள்ளை ஷூ, கழுத்தில் விசில். மேசைமேல் வாத்தியங்களைப் பரப்பி வைத்திருந்தார். முக்கோணக் கம்பி, பித்தளைத் தாளத் தட்டுகள், தோளில் மாட்டுகிற சின்ன டிரம், கறுப்பு பிளாஸ்டிக் குழல்கள். தரையில் ஒரு பெரிய டிரம். பிள்ளைகள் வரிசையாக வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க, அப்பா அம்மாக்கள் சுவரோரம் நின்று யோசனை சொன்னார்கள். சின்ன டிரம்தான் கெத்து என்றார் ஒருவர். தாளத் தட்டு என்றால் ஊர்வலத்தில் போட்டோவில் பளிச்சென்று விழும் என்றார் ஒரு அம்மா.

எங்கள் பெண் நேராகக் குழலிடம் போனாள். எடுத்து ஊதினாள். காற்றும் ஒலியும் பாதிப் பாதியாக வந்தன. விரலை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாள். மாஸ்டர், "பரவால்லயே, ஓட்டைங்க மேல வெரல் சரியா உக்காருது" என்றார்.

அவர் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் முக்கோணக் கம்பியைத் தட்டிக் காட்டியபோதும் அதே முகம். தாளத் தட்டுகள் மோதியபோது மற்றவர்கள் லேசாகத் திடுக்கிட்டார்கள். அவர் மற்றவர்கள் திடுக்கிட்டதைப் பார்த்தார். பிறகு ஒரு பையன் பெரிய டிரம்மை ஓங்கி அடித்தான். தகரக் கூரை அதிர்ந்தது. அவர் என் பக்கத்திலிருந்து விலகி, நேரே அந்த டிரம் அருகே போய், மறுபக்கத் தோலில் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னொருதரம் அடி தம்பி."

பையன் அடித்தான். அவர் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பாப்பா, இத எடுத்துக்கயேன். இது நல்லாருக்குது."

மாஸ்டர் சிரித்தார். "பெரிய டிரம்மா? பாப்பா பின்னாடி நின்னா டிரம் தனியா நடந்து போற மாதிரி இருக்கும் சார். இது ஊருக்குள்ள யானை ஓட்டறதுக்கு இல்ல."

"எங்க ஊர்ல யானைக்கு டின்னு அடிப்போம்" என்றார் அவர், யாரிடமென்று இல்லாமல்.

"எனக்குக் குழல்தாம்ப்பா" என்றாள் பெண், அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று.

"சரி பாப்பா" என்றார் உடனே. கையை டிரம்மிலிருந்து எடுத்துக்கொண்டார்.

தெருவிலேயே சத்தம் காட்டாதவர், தன் பெண்ணுக்கு இருப்பதிலேயே அதிகச் சத்தம் போடும் வாத்தியத்தை ஏன் கேட்டார் என்று வழியெல்லாம் யோசித்தேன். அவரிடம் கேட்கவில்லை.

அதன் பிறகு மாலை நேரங்களில் மாடியிலிருந்து குழல் கேட்டது. அவள் எங்கள் தெருவின் பெண். கவிழ்ந்த ஷூக்கள் எல்லாம் நிமிர்ந்த பிறகே எடுப்பாள். பேண்ட் வாத்தியார் கொடுத்த அணிவகுப்பு மெட்டு ஒன்று. நடுவில் ஓரிடத்தில் மேலே ஏற வேண்டும். அங்கே போனதும் பிசிறும். நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் அவர் குரல் கேட்கும்: "நல்லா இருந்துச்சு பாப்பா." பிசிறிய நாளும் அதே சொல். நன்றாக வந்த நாளும் அதே சொல்.

ஒருநாள் மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, படியில் உட்கார்ந்தாள். நான் செய்தி அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், இன்னைக்கு நான் வாசிக்கவே இல்ல."

"ஏம்மா, ஒடம்பு சரியில்லயா?"

"வாயில வெச்சிக்கிட்டு வெரல மட்டும் ஆட்டினேன். ஊதவே இல்ல. அப்பா எதிர்லதான் உக்காந்திருந்தாரு." நகத்தால் படியின் சிமென்ட்டைச் சுரண்டினாள். "நல்லா இருந்துச்சு பாப்பான்னாரு."

நான் லேப்டாப்பை ஓரமாக வைத்தேன். அவளே கேட்டாள்: "அங்கிள், பெரிய டிரம் சத்தம் எவ்ளோ தூரம் கேக்கும்?"

"மெயின் ரோடு வரைக்கும் கேக்கும்."

"அப்ப போதும்" என்று எழுந்து போனாள்.

உள்ளே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அவருக்குக் காது கேக்கலீங்க" என்றாள். அவ்வளவுதான். கேட் தாழ்ப்பாளில் சுற்றிய துணி, தள்ளிக்கொண்டு போன மொபெட், மீசை, மின்வெட்டு, முகக்கவசம் எல்லாம் எனக்கு வரிசையாக வந்து நின்றன. எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்திருக்கிறார். தான் எழுப்பும் சத்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் எதையும் எழுப்பாமல் இருந்தார். பதிலும் அப்படியே. கேள்வி புரியாத இடத்தில் எல்லாம் சரி என்று சொல்லி வைத்தார். அந்தச் சரியைக் கேட்டுக் கேட்டு ஒரு பெண் கெலமங்கலத்துக்குப் போயிருக்கிறாள்.

அவராகச் சொல்லாததை நாமாகக் கேட்பதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

அடுத்த வாரமே அவள் குழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய டிரம் கேட்டு வாங்கினாள். மாஸ்டருக்கு எரிச்சல்தான். ஆனால் அதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. டிரம்மை வீட்டுக்குத் தர மாட்டார்கள். மொட்டைமாடியில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் பேரலைக் கவிழ்த்துப் போட்டு, துணி சுற்றிய கட்டையால் பழகினாள். அவர் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பேரலில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். துணி காயப்போடப் போன என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. அவரு கண்ண மூடிக்கிட்டு தலைய ஆட்டிக்கிட்டிருக்காரு. அவ அடிக்கறா, அவரு முதுகையே பாத்துக்கிட்டு."

அவருக்கு இது போதும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரு மாதம்கூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே வந்தார். மகள் கெலமங்கலம் போயிருந்தாள். நாற்காலியை என் எதிரே, வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், பாப்பா ஏன் டிரம்முக்கு மாறினா, உங்களுக்குத் தெரியுமா?"

நான் தலையசைத்தேன், தெரியும் என்று.

"எனக்கு மொதல்ல சந்தோசமாதான் இருந்துச்சு. அப்பறம் பாத்தா, வண்டியில போறப்ப பின்னாடி உக்காந்து என் இடுப்பைப் புடிச்சிக்குவா. அப்ப வெரலு ஓடுது சார். ஒவ்வொண்ணா அமுக்குது, எடுக்குது. ஒவ்வொரு தரமும். டிரம் அடிக்கிறவளுக்கு வெரலு எதுக்கு சார் ஓடணும்?"

 பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் இல்லை.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு சின்ன பட்டறையில் இருந்தார். காதில் வைத்துக்கொள்ள அங்கே ஒன்றும் தர மாட்டார்கள். பிறகு வந்த கம்பெனியில் தந்தார்கள். அதற்குள் பாதி போயிருந்தது. முதலில் போனது குருவிச் சத்தம். பிறகு கைபேசி மணி. பிறகு பெண்கள், குழந்தைகளின் குரல். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் காது சோதனை உண்டு. சின்ன அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். "கண்ணாடிக்கு அந்தாண்ட அந்தப் பொண்ணு உக்காந்திருக்கும். சத்தம் உடறப்போ தோளு லேசா அசையும். அசைஞ்சா அமுக்கிடுவேன். இத்தன வருசமா பாஸு."

"தெரிஞ்சா வேலைய உட்டு எடுத்துருவாங்களா?"

அவர் என் உதட்டைப் பார்த்தார். "போன மாசம் ஃபோர்க்லிஃப்ட் ஒண்ணு பின்னாடி வந்துது. ஹார்ன் அடிச்சிருக்கான். தரை அதிர்ந்துது, ஒதுங்கிட்டேன். அந்த மாதிரி ஆளை ஷாப்ல எப்படி சார் நிக்க உடுவாங்க? நானா இருந்தாலும் உட மாட்டேன்."

"வீட்ல சொல்லலயா?"

"சொல்லியிருந்தா அவ போயிருக்க மாட்டா. பாவம்னு கூடவே இருந்திருப்பா. அது வேணாம்னுதான்."

 நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்தார்.

"நாளைக்கு லீவு சொல்லியிருக்கறேன். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு. காதுக்கு மெசினு குடுப்பாங்களாமே. நீங்களும் வர்றீங்களா சார்? அங்க பேரு கூப்புட்டா எனக்குத் தெரியாது." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "இத எழுதிடாதீங்க."

அப்போது எழுதவில்லை. இப்போதும் பெயர் எழுதவில்லை.

மருத்துவமனையில் பெயர் கூப்பிட்டதும் அவர் தோளைத் தொட்டேன். உள்ளே போனார். கதவில் ஒரு சிறு கண்ணாடி இருந்தது. அதன் வழியே பார்த்தேன். சோதிக்கும் பெண் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் அந்தப் பக்கம், காதில் கருவியும் கையில் பட்டனுமாக. எதிரே கண்ணாடி. அந்தப் பெண்ணின் தோள் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். தோள் அசைந்தது. மீண்டும் அசைந்தது. அவர் கட்டைவிரல் பட்டன்மேல் அப்படியே இருந்தது. நெடுநேரம் கழித்து ஒருமுறை அமுக்கினார். அப்புறம் மறுபடி சும்மா இருந்தார்.

கருவி கைக்கு வரச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் விஷயம் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. அவரே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒப்பந்ததாரர் நல்லவிதமாகவே பேசினாராம். பிரஸ் ஷாப்பில் இனி நிறுத்த முடியாது, வேறு இடம் காலியானால் கூப்பிடுகிறேன் என்றாராம். கூப்பிடவில்லை. அவர் தளி சாலையில் ஒரு ரோஜாப் பண்ணையில் சேர்ந்தார். பாலித்தீன் கூடாரத்துக்குள் பூக்களைத் தண்டு நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுகிற வேலை. பாதிச் சம்பளம். அங்கே ஃபோர்க்லிஃப்ட் இல்லை, எந்திரம் இல்லை. "நான் வேண்டிக்கிட்டப்ப கெடைக்காத எடம். ஒரு சத்தமும் கெடையாது. இப்பப் போய்" என்றார். முடிக்கவில்லை. பள்ளி ஆண்டு முடிந்ததும் பண்ணைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இருவர் மட்டும்தான் போனார்கள். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர்கள் இங்கே இருந்தபோதே கருவி வந்துவிட்டது. அந்த முதல் நாட்கள் அவருக்கு நன்றாக இல்லை. குக்கர் விசில் குத்துகிறது என்றார். ஓனரம்மா படியில் நின்று கூப்பிட்டபோது சட்டென்று திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டே பழகிப்போன அந்த அம்மாவுக்கு, திரும்பிப் பார்த்தவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "வீட்ல ஃபேன் ஒரு சத்தம் போடுது, பிரிட்ஜு ஒரு சத்தம் போடுது. குழாய் சொட்டுது. எப்பவும் இப்படித்தானா சார்? அவ இருந்தப்பவும் இதெல்லாம் இருந்துதா?" இருந்திருக்கும் என்றேன். "அவ குரல் இதுக்கெல்லாம் மேல இருந்திருக்கும்" என்றார்.

மகள் பேண்ட் மாஸ்டரிடம் மறுபடி குழல் கேட்டாள். "என்னா, மாத்தி மாத்தி வெளையாடறியா?" என்று அவர் முதலில் விரட்டியிருக்கிறார். அவள் மூன்று நாள் அந்த அறை வாசலில் நின்ற பிறகு, ஒரு குழலைக் கொடுத்தார். திங்கட்கிழமை அந்த மெட்டைப் பிசிறில்லாமல் வாசித்துக் காட்டினால் குழல் வரிசை, இல்லையென்றால் பெரிய டிரம்தான், பேச்சுக் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு மாலை என்னையும் என் மனைவியையும் மேலே கூப்பிட்டாள். "அப்பா கேக்கப் போறாரு. நீங்களும் வாங்க."

அவர் சட்டையை மாற்றி, தலையை வாரி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முழங்கால்மேல். காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் அந்தக் கருவி. அது இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். வழக்கமாக அவள் வாயைத்தான் பார்ப்பார். இன்று தரையைப் பார்த்தார்.

அவள் வாசித்தாள். முதல் பகுதி சரியாகப் போனது. மேலே ஏறும் இடத்தில் வழக்கம்போல் பிசிறியது. நிறுத்தாமல் தொடர்ந்து முடித்தாள். குழலை உதட்டிலிருந்து எடுக்காமலே அப்பாவைப் பார்த்தாள்.

அவர் நிமிர்ந்தார். சொல்லலாமா என்று என் பக்கம் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"நல்லா இல்ல பாப்பா."

என் மனைவி என் முழங்கையைத் தொட்டாள். பெண் குழலைக் கீழே இறக்கினாள்.

"எந்த எடம்ப்பா?"

"நடுவுல. மேல ஏறுதுல்ல, அங்க கீச்சுனு ஒண்ணு வருது. அதுக்கு முன்னாடி மூச்சு வாங்குற. அதுகூட கேக்குது."

"அதான்ப்பா. அந்த எடம் எனக்கு வரவே மாட்டேங்குது." அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள். மோதிர விரல் எட்டவில்லை, ஓட்டை பாதிதான் மூடுகிறது, பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு நீள விரல், அதனால் அவளுக்கு வந்துவிடுகிறது, மாஸ்டர் விரலைப் பார்க்காமல் திட்டுகிறார், வகுப்பில் இருக்கும் இன்னொருத்தி முறைக்கிறாள். குனிந்து குழலின் ஓட்டைகளைக் காட்டியபடி, வேகவேகமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. அவள் அவ்வளவு பேசுவாள் என்று எங்களுக்குத் தெரியாது.

கருவி இருந்தும் அவருக்குப் பாதிதான் பிடிபட்டிருக்கும். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவள் உதடும் குனிந்திருந்ததால் மறைந்திருந்தது. சரி பாப்பா என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் வாய் அந்தச் சொல்லுக்குத் திறந்ததுகூட.

குனிந்து அவள் முகவாயைத் தொட்டுத் தன் பக்கம் நிமிர்த்தினார்.

"என்னா சொன்ன? கேக்கல. திரும்பச் சொல்லு."

அவள் குழலை மடியில் வைத்துவிட்டு, மோதிர விரலை நீட்டிக் காட்டி, மெதுவாக, முதலிலிருந்து சொன்னாள்.